விடயம்: தானாக மாறாத பேக்கப் றவுட்டர் – நான்காவது முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விடயத்தை ஏற்கெனவே மூன்று தடவை ஈமெயிலில் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு எமக்கு முக்கியம்" என்ற ஒரே பதில். ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கவேண்டும்.

கோண்டாவிலில் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். சொந்தக்காரரில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பதால், இப்போதெல்லாம் மண்டபம் பார்க்க வருபவர்கள் சமையலறைக்கு முன்னம் நேரலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்காகத்தான் 185,000 ரூபா கட்டி உங்களிடம் இரண்டு றவுட்டர் பூட்டினேன். ஒன்று பைபரில், மற்றது 4ஜி சிம்மில். முதலாவது விழுந்தால் இரண்டாவது தானாகப் பொறுப்பெடுக்கும் என்றீர்கள். பூட்ட வந்த தம்பி முதலாவதின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நாலு விநாடியில் மாறியது. சந்தோசமாகத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து அனுப்பினேன்.

ஆவணியில் நடந்த கல்யாணத்தன்று ஒரு வைக்கோல் லொறி ஒழுங்கை முகப்பில் பைபர் வயரை அறுத்துக்கொண்டு போனது. முகூர்த்தம் காலை 10.30. ரொறன்ரோவில் அப்போது இரவு ஒரு மணி. மாப்பிள்ளையின் அம்மம்மா அங்கே நித்திரை முழித்து, பட்டுச்சேலை உடுத்து, ரீவிக்கு முன்னால் இருந்தார். தாலி கட்டும்போது அவர் பார்த்தது சுற்றிக்கொண்டிருந்த ஒரு வட்டத்தை.

ஒபிஸ் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு றவுட்டரிலும் பச்சை லைட். உங்கள் ஹொட்லைனுக்கு அடித்தேன். தமிழுக்கு 3ஐ அழுத்தி, 14 நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒருவர் எடுத்தார். "லைட் பச்சைதானே, அப்ப எங்கட சாமான் சரி. அங்க என்ன சத்தம்? மேளத்தை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ" என்றார். கெட்டிமேளத்தை! எனக்கு 58 வயது. கல்யாண வீட்டில் மேளத்தை நிறுத்தச் சொன்ன ஒரு மனிசனை அன்றுதான் கண்டேன்.

கடைசியில் நான்தான் முதலாவதின் பிளக்கைப் பிடுங்கினேன். உடனே நேரலை வந்தது. ஆனால் அதற்குள் 37 நிமிடம் போய், அறுகரிசி போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் வந்து திருத்தினீர்கள் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும். ஒருவர் வந்தார், பத்து நிமிடம் லப்டொப்பைத் தட்டினார், போனார். பைபர் திரும்ப விழுந்தது, திரும்பவும் மாறவில்லை. பிறகு கிளையில் சொன்னதை நம்பி, இரண்டு பெட்டியையும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரவு பஸ்ஸில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் கொழும்புக்கு வந்தேன். கவுண்டரில் பிளக்கைக் குத்தி, "பவர் வருதே" என்று ஐந்து நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள். அந்தப் பயணத்தில் பிடித்த நாரி நோ இன்னும் விடவில்லை.

பவர் வருவதுதான் பிரச்சினையே. உங்கள் சாமானைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை முதலாவது றவுட்டர் ஒவ்வொரு விநாடியும் "நான் இருக்கிறேன்" என்று மற்றதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே இன்டர்நெற் செத்தது அதற்குத் தெரியாது, நீங்கள் செற்றிங்கில் போட்டுக்கொடுத்தால் ஒழிய. பார்க்க மட்டும் விடும் பாஸ்வேர்ட்டால் அக்காவின் மகன் உள்ளே போய்ப் பார்த்தான். முதலாவதின் முன்னுரிமை எண் 150, இரண்டாவதுக்கு 100. எண் பெரிதாக உள்ளதுதான் பொறுப்பெடுக்கும். லைன் போனால் முதலாவதில் 20 கழிக்கவேண்டுமாம். 150இல் 20 போனால் 130. அது நூறைவிடப் பெரிது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிறகெப்படி மாறும்? அந்த 20கூடக் கழிபடாது. ஏனென்றால் அது கவனிப்பது பைபர் பெட்டியிலிருந்து வரும் வயர் பூட்டியிருக்கிறதா என்பதை மட்டும். வயர் சுவரோடு பத்திரமாகத்தான் இருந்தது. அறுந்தது றோட்டில்.

நாங்களே மாற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் விடயம் தெரிந்த ஒருவரைத் தயவுசெய்து அனுப்புங்கள். வெளியே இன்டர்நெற்றில் உள்ள ஒரு முகவரிக்குச் சில விநாடிக்கொருமுறை பிங் அடித்து, அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டு, பார்க்கும்படி போடவேண்டும். பதில் வராவிட்டால் 60 கழிபடவேண்டும். பைபர் திரும்ப வந்தாலும் இரண்டு நிமிடம் நிலையாக நின்றபிறகே அதற்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் அங்குமிங்கும் தாவிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றிக் காட்டும் வேலை இனி வேண்டாம். பைபர் வயரைக் கழற்றிக் காட்டட்டும். மாறும்போது நேரலை சில விநாடி நிற்கும் என்பது எனக்கும் தெரியும், அதற்குச் சண்டைக்கு வரமாட்டேன்.

எனக்கு நட்டம் ஐந்து இலட்சத்துக்குக் குறையாது. வலிகாமம் முழுக்கப் பெயர் கெட்டுப்போனதற்கு விலையே இல்லை. 14 நாளில் ஆள் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். அவர்களின் 1977 என்ற இலக்கத்தை றவுட்டருக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். மேளத்தை நிறுத்தச் சொன்னவர் எனக்கல்ல, அந்த அம்மம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்.

அடுத்த கல்யாணம் ஐப்பசியில். பொம்பிளையின் தகப்பன் பிரான்சில் விசா இல்லாமல் நிற்கிறார். அவருக்கு நேரலை மட்டும்தான்.

இப்படிக்கு,
மண்டப உரிமையாளர்,
கோண்டாவில்.

பி.கு: வருபவர் ஒழுங்கை முகப்பில் நின்று கோல் எடுக்கட்டும். கூகுள் மப் பின்வளவுக்குத்தான் கொண்டுபோய் விடும், அங்கே நாய் நிற்கிறது.