அம்மப்பாவின் பாதை

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். இங்கே மாரி தொடங்கிவிட்டது, முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். உன் கட்டுரையை நேற்றிரவு ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்து முடித்தேன். வட்ஸ்அப்பில் கதைக்கலாம்தான், ஆனால் கதைக்கத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், உனக்குக் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன்.

ஆளுமைக் கோட்பாடுகளை உண்மையான ஒருவருடைய வாழ்க்கையில் பொருத்திப் பார்க்கச் சொன்னபோது நீ அம்மப்பாவை எடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அவருடைய டயரிகளைப் படமெடுத்து அனுப்பியவள் நான். ஆகவே பிழையில் எனக்கும் பங்குண்டு.

1978 டிசம்பர் பக்கத்தில், "இன்று பாதை இல்லை. திரும்பி வந்தேன். மனம் சரியில்லை" என்று எழுதியிருக்கிறார். அதை வைத்து நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அவருக்கு அப்போது 40 வயது, உளவியலாளர் எரிக்சன் சொன்ன வாழ்க்கையின் 8 கட்டங்களில் அது 7ஆவது, ஆக்கத்துக்கும் தேக்கத்துக்கும் இடையே மனிதன் தவிக்கிற கட்டம், வாழ்க்கையில் பாதை தெரியாமல் நின்றிருக்கிறார் என்று.

தம்பி, பாதை என்றால் கிண்ணியாவுக்குப் போகிற பாதை. ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. காற்றும் மழையும் கூடினால் அது ஓடாது. பாலம் திறந்த 2009இல் உனக்கு ஆறு வயது, நீ அதில் ஏறியதே இல்லை. அன்று பாதை ஓடவில்லை, அம்மப்பா பள்ளிக்கூடம் போகாமல் நனைந்து வீட்டுக்கு வந்தார். மனம் சரியில்லாமல் போனது ஒரு நாள் லீவு வெட்டுப்பட்டதற்காக இருக்கும். குடையும் உடைந்திருந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம்.

வெட்கப்படாதே. பிராய்டும் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். லியனார்டோ டா வின்சி தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் வாயைத் திறந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அதை எடுத்து 1910இல் பிராய்ட் ஒரு புத்தகமே எழுதினார். பிணந்தின்னிக் கழுகு, அது எகிப்தியரின் தாய்த் தெய்வம், ஆகவே தாய்ப்பாசம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனார். லியனார்டோ இத்தாலிய மொழியில் எழுதியதோ பருந்து என்று. ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது கழுகாகிவிட்டது. கலாசாலையில் எங்களுக்கு உளவியல் எடுத்த ஆசிரியர் இதைச் சொல்லும்போது மேசையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். பிராய்டையே தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. முதலில் சொல்லைப் பார் என்கிறேன்.

அடுத்தது, ஆளுமையை ஐந்து பண்புக்கூறுகளாகப் பிரித்து அளக்கிற அந்தக் கோட்பாடு. அம்மப்பாவுக்குப் பொறுப்புணர்வும் பதற்றமும் இரண்டுமே உச்சம் என்று போட்டிருக்கிறாய், விடிய நாலு மணிக்கு எழும்பி வெளிக்கிடுவதை ஆதாரம் காட்டி. பாதையடியில் வரிசை நீண்டால் ஒரு நடை தவறும். ஒரு நடை தவறினால் பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பதென்றால் அவருக்கு உயிர் போகும். அவரோடு போன மற்ற மூன்று ஆசிரியர்களும் நாலு மணிக்குத்தான் எழும்பினார்கள். அதில் ஒருவர் மகா சோம்பேறி! நாலு பேருக்கும் ஒரே குணமா? உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் கேட்டது இதைத்தான்: ஆளுடைய குணம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு அவர் நின்ற சூழ்நிலையுடையது? உன் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயமில்லை. 2013இல் கிண்ணியாவில் அவருடைய பழைய மாணவர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு விருந்து. பாலம் இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது, அரை மணித்தியாலம் கூடுதலாகவே வைத்தாலும் ஒன்பதுக்கு வெளிக்கிடலாம். ஐந்து மணிக்கே வெள்ளை வேட்டி கட்டி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கவில்லை, "பிந்திப் போகும் பிள்ளை" என்றார். பென்சன் எடுத்து 15 வருடம் ஆகியிருந்தது. அப்போது பாதையும் இல்லை, பதிவேடும் இல்லை. மிஷெல் இதற்கு என்ன சொல்வாரோ. இந்த இடத்தில் உன் ஐந்து பண்புக்காரர்கள் என்னை மடக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். இதையும் கட்டுரையில் போடு, என் கட்சிக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை.

மனிதனுடைய தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவைப் பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது. சாப்பாடும் பாதுகாப்பும் கிடைத்த பிறகுதான் மற்றது என்று மட்டும் ஒரேயடியாக எழுதாதே. நாங்கள் 1990இல் இடம்பெயர்ந்து போன முகாமில் முதல் கிழமையே அம்மப்பா சோக்கட்டி தேடித் திரிந்தார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க. அந்த வரிசை இரும்பில் அடித்தது அல்ல என்று மாஸ்லோவே 1943இல் எழுதியிருக்கிறார்.

1990 டயரியை இன்னும் படமெடுக்கவில்லை, நாளைக்கு அனுப்புகிறேன். ஜூனுக்குப் பிறகு எல்லாம் வெற்றுத் தாள். அதைப் பார்த்து நனவிலி மனம் அது இதென்று தொடங்கிவிடாதே. நாங்கள் ஓடும்போது டயரி மேசையிலேயே கிடந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஐயா எடுத்து வைத்திருந்து பிறகு தந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா