கறுப்பு உடைக்கு 33 லட்சம் டாலர்

ஆசிரியருக்கு,

பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காமிக்ஸ் மூல ஓவியங்களுக்குக் கிடைக்கும் விலையைவிட, எந்தப் பக்கத்துக்கு அது கிடைக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

1984இல் மைக் ஜெக் வரைந்த ஒரே ஒரு ஸ்பைடர்மேன் பக்கம், 2022 ஜனவரியில் டல்லாஸ் ஏலத்தில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. அவருடைய ஆகச் சிறந்த பக்கம் அது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்த கதை அதில்தான் இருக்கிறது. பின்னாளில் வெனம் என்ற வில்லன் ஆனது அந்த உடையேதான். அன்று அதைப் படித்த பையன்கள் இன்று சம்பாதிக்கிறார்கள், வாங்குகிறார்கள். சரி, ரசனை அவரவருடையது.

டின்டின் காமிக்ஸுக்காக அதன் பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1936இல் தீட்டிய ‘நீலத் தாமரை’ அட்டை ஓவியம், அச்சுச் செலவு அதிகம் என்று ஒதுக்கப்பட்டது. மடித்த தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. 2021இல் பாரிஸில் சுமார் 32 லட்சம் யூரோ!

என் கவலை வரைந்தவரைப் பற்றியது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் பிரான்சில் உண்டு, அமெரிக்காவில் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் அந்தப் பங்கைப் பேசுகிறது. நம் ஓவியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் நாளிதழ் இதை விரிவாக எழுத வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்