போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். கையுறை போடாமல் வெளியே போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

மரியன்னை பேராலயத்து மரச்சிற்பப் பீடத்தின் படம் வந்தது. சித்தி வீட்டில் நடந்ததற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். உன் அப்பன் மரத்தோடேயே கிடந்தவன் என்று நினைத்து அனுப்பினாயே, மனசு நிறைந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இதைச் செதுக்கிய சிற்பி ஃபைட் ஸ்டோஸ், ஜெர்மனியில் இருக்கும் நியூரம்பர்க் நகரத்துக் குடியுரிமையையே விட்டுவிட்டு 1477-ல் கிராக்கோவ் வந்து, 1489 வரை இந்த வேலையில் இருந்திருக்கிறார். அரசர் ஊர்தான், ஆனால் பணம் போட்டது நகரத்து மக்கள். கோதிக் பாணியில் செங்கலால் கட்டிய அந்தக் கோயிலின் உயரத்துக்கு ஏற்றபடி பீடமும் 13 மீட்டர் எழும்பி நிற்கிறது. நடுவில் உள்ள உருவங்கள் ஆளைவிடப் பெரியவை. அவற்றைச் செதுக்கிய லிண்டன் மரம் நம்ம குமிழ் மாதிரி உளிக்கு இணங்கும். ஆனால் அவ்வளவு பெரிய தடி காயும்போது வெடித்துவிடும். அதற்காகவே அந்தக் காலத்துச் சிற்பிகள் முதுகுப்பக்கத்தைக் குடைந்துவிடுவார்கள். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

திருத்தூதர்களின் கைகளைக் கவனித்தாயா? நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, உழைத்த கைகள். மாதா உயிர்விடும் காட்சி அது, ஆனால் ஸ்டோஸ் அவளைக் கட்டிலில் கிடத்தவில்லை. முழங்கால் மடங்கிச் சரிகிறாள், ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார். திக்குக்கு ஒருவராகப் போயிருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஆச்சி சொல்வாளே. தோமையார் நம்ம பக்கமிருந்து போனதால் பிந்திவிட்டார். அவரையும் மாதா வெறுங்கையோடு விடவில்லை, இடைக்கச்சையைக் கொடுத்தாள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இதைக் கழற்றி நியூரம்பர்க் கொண்டுபோய்விட்டார்களாம். 1946-ல் போலந்துக்குத் திரும்பியும், கோயிலில் பழைய இடத்தில் ஏற 1957 ஆகியிருக்கிறது. வந்தவுடனே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று யார் சொன்னது?

அதே ஊரில் இருக்கும் வாவெல் பேராலயத்துக்கும் போய்வா. போலந்து அரசர் நாலாம் காசிமிரின் கல்லறையும் ஸ்டோஸ் வேலைதான், 1492-ல் செய்தது, சிவப்புப் பளிங்கு. மரத்தில் இவ்வளவு செய்தவர் கல்லில் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். போகும்போது கையுறை போட்டுக்கொள்.

உன் அம்மா எதுவும் கேட்பதில்லை. உன் அறை ஜன்னலை மட்டும் தினமும் திறந்து வைக்கிறாள். சித்தியிடம் நான் பேசிவிட்டேன். அதைப் பற்றி நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும்கூட. ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்கு லீவு இப்போதே கேட்டு வை. அப்புறம் டிக்கெட் விலை ஏறிவிடும். காசு வேண்டுமென்றால் அனுப்புகிறேன் மக்ளே.

அப்பா