தள்ளுபடியான மனுக்களின் கணக்கு எங்கே?

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர், வருவாய் நிர்வாக ஆணையர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். கணினி வந்துவிட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று பலரும் சொன்னார்கள். போகவில்லை. முன்பெல்லாம் மனு எழுதச் சொல்லி வந்தார்கள். இப்போது போட்ட மனு ஏன் தள்ளுபடியானது என்று கேட்டு வருகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் அலைந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் மனு பதிவாகிவிடுகிறது. யாரையும் கெஞ்சாமல் சர்வே எண்ணைப் போட்டுப் பட்டா, சிட்டாவை எடுத்துவிடலாம். ரேஷன் கடையில் வாங்கிய பொருளின் விவரம் கைப்பேசிக்கு வந்துவிடுவதால், வாங்காத பாமாயிலை வாங்கியதாக எழுதிய பழைய வித்தை அவ்வளவு எளிதாகப் பலிப்பதில்லை. இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றுக்குள் உள்ள குறியிலக்குகள் 169. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கெடு 2030. இந்த இலக்குகளில் எந்த மாநிலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று மதிப்பிட்டு ஒன்றிய அரசின் நிதி ஆயோக் வெளியிட்ட 2023-24 குறியீட்டில் உத்தராகண்டும் கேரளமும் 79 புள்ளிகள் பெற்றன. தமிழ்நாடு 78 பெற்று அடுத்த இடத்தில் நின்றது. மகிழ்ச்சிதான். ஆனால் இதுபோன்ற குறியீடுகள் பெரும்பாலும் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றுதான் பார்க்கின்றன. வந்து கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த 17 இலக்குகளுக்கும் அடிப்படை உறுதிமொழி. விடுபட்டவரை எண்ணாமல் அதை எப்படிக் காப்பாற்றுவது?

அலுவலகங்களில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும் அறிக்கையில் பெறப்பட்டவை, முடிக்கப்பட்டவை, நிலுவை என்று இருக்கும். சான்று கொடுத்தாலும் மனு முடிந்தது. தள்ளுபடி செய்தாலும் முடிந்தது. நிலுவை ஏறினால் அதிகாரிக்குக் கேள்வி வரும். தள்ளுபடி ஏறினால் கேட்க ஆளில்லை. மாதக் கடைசியில் எந்தப் பொத்தானை அழுத்துவது எளிது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒரு பட்டா மாறுதல் மனுவை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் புன்செய், பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், மூலப் பத்திரம் எல்லாம் மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கின்றன. மூலப் பத்திரம் மாமனார் காலத்தது. பழுப்பேறிய முத்திரைத்தாளில் கையால் எழுதியது, மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டது. மையத்தில் அதை ஸ்கேன் செய்கிறார்கள். கோப்பின் அளவு மென்பொருள் ஏற்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் நல்லவன், வரிசையோ நீளம். கோப்பைச் சுருக்குகிறான். பிறகும் சுருக்குகிறான். மூன்றாம் முறை மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. அதற்குள் எழுத்தெல்லாம் மசியாகிவிட்டது. சில நாளில் பதில் வருகிறது: 'ஆவணம் தெளிவாக இல்லை. நிராகரிக்கப்பட்டது.'

பழையதானாலும் படிக்க முடிகிற அசல் பத்திரம் அந்த அம்மாளின் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுவாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மென்பொருளின் கட்டுப்பாடு ஆவணத்தைக் கெடுத்தது. கெட்ட ஆவணத்துக்காக மனுதாரர் தண்டிக்கப்பட்டார். திரும்ப மனுப் போட வேண்டும், திரும்பக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் அறிக்கையிலோ இது விரைந்து முடிக்கப்பட்ட மனு.

அந்த ஒரு தள்ளுபடி எத்தனை கதவுகளை அடைக்கிறது என்றும் பாருங்கள். பட்டா பெயர் மாறாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவது கடினம். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வராது. பயிர்க் காப்பீட்டிலும் நெல் கொள்முதலிலும் ஆவணம் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் இறந்துபோன மாமனாரின் பெயரை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். வறுமை ஒழிப்பு என்ற முதல் இலக்கிலேயே நில உரிமை வருகிறது. பாலினச் சமத்துவம் என்ற ஐந்தாம் இலக்கில் பெண்களின் நில உரிமை தனியாகவே வருகிறது. நியூயார்க்கில் எழுதப்பட்ட அந்த இரண்டு வரிகளும் எங்கள் தாலுகாவில் கோப்பின் அளவில் வந்து முட்டி நிற்கின்றன.

ரேஷன் கடையில் இது வேறு உருவில் வருகிறது. 2020 அக்டோபர் முதல் இங்கே கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்க வேண்டும். கருங்கல் உடைத்த கைக்கும், வயதான கைக்கும் ரேகை விழுவதில்லை. கருவிழிப் பதிவு, வேறொருவரை அனுப்புவதற்கான படிவம், 2025 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் என்று நம் மாநிலம் மாற்று வழிகளைத் திறந்தது. வேறு சில மாநிலங்களோடு ஒப்பிட்டால் இங்கே மனிதத்தன்மை அதிகம், மறுக்கவில்லை. இருந்தாலும் ரேகை விழாமல் 'நாளைக்கு வா பாட்டி' என்று அனுப்பப்பட்டவருக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் அவர் வந்த சுவடே இல்லை. வேண்டுமானால் கருவியின் பதிவில் அந்தத் தோல்வியைத் தேடி எடுக்கலாம். ஊருக்குத் தெரியும்படி அது வெளியே வருவதில்லை.

ஓடிபி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் மனுவுக்கான எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பேரனின் கைப்பேசிக்குப் போகிறது. அவன் ஷிப்டு முடிந்து எடுத்துப் பார்க்கும்போது எண் காலாவதியாகியிருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. மீதிப் பேருக்காகத்தான் மையங்களும், என்னைப் போன்றவர்களும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால், இணையவழி அடையாளச் சோதனையில் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியவில்லை; அதனால் அவரால் வங்கிக் கணக்குத் தொடங்க முடியவில்லை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் கூறினார்கள். அப்படியானால் இயந்திரம் மறுப்பதும் ஓர் உரிமை மறுப்புத்தானே? அதற்குப் பதிவு வேண்டாமா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. நீங்களே செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன். 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் சுமார் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மீதிப் பேருக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வரும், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம், வருவாய்க் கோட்டாட்சியர் முடிவு செய்வார் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேலும் 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். காரணம் சொன்னதும் மேல்முறையீட்டுக்கு வழிவிட்டதும் எவ்வளவு முக்கியம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஒரு திட்டத்துக்குச் செய்ததைப் பட்டாவுக்கும் வாரிசுச் சான்றுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் செய்யக் கூடாதா?

காலக்கெடு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மத்தியப் பிரதேசம் 2010இலேயே, குறித்த நாளுக்குள் சேவை தர வேண்டும் என்ற சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் அதே போன்ற சகாலா திட்டத்தில் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் இழப்பீடு, உச்சம் 500. வரவேற்கிறேன், ஆனால் பயமும் இருக்கிறது. கெடுவை மட்டும் இறுக்கிவிட்டுத் தள்ளுபடியை எண்ணாமல் விட்டால், கெடுவுக்கு முதல் நாள் மாலை தள்ளுபடிகள் மழையாகக் கொட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

தள்ளுபடிகளை ஒவ்வொரு மாதமும் தாலுகா வாரியாக, சேவை வாரியாக, காரணத்தோடு வெளியிடுங்கள். ராஜஸ்தான் 2019இல் தொடங்கிய ஜன் சூச்னா தளத்தில், எந்த ரேஷன் கடையில் யாருக்கு என்ன போனது என்பதை ஊர்க்காரர்களே பார்க்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? 'ஆவணம் தெளிவாக இல்லை' என்றால் மனுவைத் தள்ளக் கூடாது. அசலைக் காட்டும்படி தேதி கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மென்பொருளால் வந்த தவறுக்கு இரண்டாம் கட்டணம் வாங்கக் கூடாது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்புகிறவர் கையில், விழவில்லை என்று ஒரு சீட்டைக் கொடுங்கள். அதை வைத்து அவர் வட்ட வழங்கல் அலுவலரிடம் கேட்கட்டும்.

தகவல் எல்லாம் ஏற்கெனவே உங்கள் சர்வரில் இருக்கிறது. புது மென்பொருளும் டெண்டரும் வேண்டாம். முதலில் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகிய மூன்றின் பட்டியல் வந்தால்கூடப் போதும். இணையத்தில் போடுவதோடு நிறுத்தாமல் தாளிலும் அச்சிட்டு, தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் தெரியும் அளவில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்