முயல் கணக்கோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 23, ஃபிபொனாச்சி தினத்தை ஒட்டி உங்கள் மாணவர் இணைப்பில் வந்த கட்டுரையைப் பேரனோடு சேர்ந்து படித்தேன். படித்த கையோடு வீட்டிலிருந்த அன்னாசிப்பழத்தை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் கண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினோம். ஒரு பக்கம் சாய்ந்து ஏறும் சுற்றுகள் 8, எதிர்ப்பக்கம் சாய்பவை 13. இரண்டுமே, முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 1, 2, 3, 5, 8, 13 என்ற ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். பேரன் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்பினான். இப்படி ஒரு மாலையைத் தந்ததற்கு நன்றி.

ஒரு சின்னக் குறை. மாதத்தை முன்னால் போட்டு 11/23 என்று எழுதினால்தான் 1, 1, 2, 3 கிடைக்கும். நாளை முதலில் எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை இன்னொன்று. முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஃபிபொனாச்சி என்று நாம் அழைக்கும் பீசா நகரத்து லியோனார்டோவை முயல் கணக்கு போட்டவர் என்று மட்டும் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொண்டால் மனசு கேட்கவில்லை. 1202இல் அவர் எழுதிய 'லிபர் அபாச்சி' பதினைந்து அத்தியாயம் கொண்ட பெரிய நூல். நாணய மாற்று, பண்டமாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிப்பது என்று வியாபாரிக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. முயல் கணக்கு பன்னிரண்டாம் அத்தியாயத்தில், எத்தனையோ புதிர்களுக்கு நடுவே வருகிறது. ஒரு ஜோடி முயல் மாதம் ஒரு ஜோடி குட்டி போட, அந்தக் குட்டிகளும் இரண்டாம் மாதத்திலிருந்து அப்படியே போட்டால், ஒரு வருடத்தில் 377 ஜோடி ஆகும் என்று விடை சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். அந்த வரிசைக்கு அவர் பெயர் வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

அவர் செய்த பெரிய காரியம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இந்தியர்களின் ஒன்பது எண்கள் இவை, இவற்றோடு 0 என்ற குறியும் சேர்ந்தால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்குகிறார். அவருடைய அப்பா வட ஆப்பிரிக்காவின் பூஜியா துறைமுகத்தில் பீசா வணிகர்களுக்காகச் சுங்க வேலை பார்த்தவர். மகனைச் சிறுவயதிலேயே அங்கே வரவழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். கற்ற வித்தை யாருடையது என்பதை மகன் மறைக்கவில்லை. ஆசிரியராக எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அந்த நேர்மைதான்.

அந்த எண்களின் அருமையைப் புரியவைக்க, வகுப்பில் 3888ஐ ரோமானிய எண்ணில் எழுதச் சொல்வேன். பதினைந்து எழுத்து வரும், கரும்பலகையில் பாதியை அடைத்துக்கொள்ளும். சரி, இதை 47ஆல் பெருக்கு என்றால் வகுப்பே திகைத்து நிற்கும்.

சுழியத்தை அவர் 'ஜெஃபிரம்' என்கிறார். நம் 'சூன்யம்' அரபியில் 'சிஃப்ர்' ஆகி, அதிலிருந்து வந்த சொல். இதே 'சிஃப்ர்' இன்னொரு வழியாக ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலத்துக்கு வந்து, 'சைபர்' என்று நம் ஊருக்கே திரும்பியிருக்கிறது. கணக்கில் சைபர் வாங்கினேன் என்று சொல்லும் பிள்ளைக்கு இது தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் ஹேமசந்திரர். குஜராத்தில் வாழ்ந்த இந்தச் சமண அறிஞர், லியோனார்டோவுக்குச் சுமார் ஐம்பது ஆண்டு முன்பே, யாப்பைப் பற்றி எழுதும்போது இதே வரிசையைச் சொல்லிவிட்டார். நம் பிள்ளைகளுக்கு இது முயலைவிட எளிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரை அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? கடைசி எழுத்து குறில் என்றால் முன்னால் மூன்று மாத்திரை, அதற்கு 3 வழி. நெடில் என்றால் முன்னால் இரண்டு மாத்திரை, அதற்கு 2 வழி. ஆக 5. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது ஏன் வருகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

அடுத்த நவம்பரில் இதையும் போடுங்கள். முயல் படத்துக்குப் பக்கத்தில் ஐந்து வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.