வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் மாட்டும் வேலை பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுவது உங்களுக்குத் தெரியும். எனக்கே பல பேர் அனுப்பிவிட்டீர்கள். "ஆல்டர்னேட்டர் மாட்டத்தான் அம்பாசிடரை விட்டேன், நல்லா இருந்த வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் பில் போட்டுட்டாங்க" என்கிறார். நம் வாடிக்கையாளர்தான், பெயர் வேண்டாம். பில் அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். "நல்லா இருந்த வயர்" என்றாரே, அதற்குத்தான் இந்த மடல்.

டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டுமே இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுபவைதான். பழைய லூகாஸ் கம்பெனி டைனமோ நன்றாக ஓடினாலும் ஏறத்தாழ 20 ஆம்பியர்தான் கொடுக்கும். வண்டிக் கம்பெனி போட்ட வயரும் அந்தக் கணக்குக்குத்தான். நாம் மாட்டுவது 35, 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். பேட்டரி இறங்கிக் கிடக்கும் ஒரு மழை ராத்திரியில் ஹெட்லைட், வைப்பர், பாட்டு எல்லாம் சேர்ந்தால் அத்தனை கரண்டும் அந்தப் பழைய வயரில்தான் போகவேண்டும். அம்மீட்டர் (கரண்ட் அளவு காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் அது டாஷ்போர்டுக்குப் பின்னால் வந்து திரும்புகிறது. சூடேறினால் புகை உங்கள் முழங்காலுக்கு மேலேதான் வரும். அவர் வண்டி வயரில் வெளியே சுற்றிய டேப் பளபளவென்று இருந்தது உண்மை. சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. உறையை மடக்கினால் அப்பளமாக நொறுங்கியது. படம் எடுத்து அனுப்பி, "சரி, போடுங்க" என்று அவர் சொன்ன பிறகே கை வைத்தோம். எடுத்த வயர் இன்னும் கடையில் ஒரு பையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வேறு கடையில் இந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறதாம். முடியும்தான். பிராக்கெட்டில் ஆல்டர்னேட்டரை ஏற்றி, பேட்டரிக்கு ஒரு வயரை இழுத்துவிட்டால் வண்டி வீடு போய்ச் சேரும். ஆனால் பெல்ட் ஓடும் புல்லி நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் பெல்ட் தேய்ந்துபோகும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியின் வேலை முடிந்துவிட்டது, அதை விலக்கியாகவேண்டும். அப்புறம், அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி பாடியோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு அந்த நொடியே போய்விடும். பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு வயரையும் அம்மீட்டர் வயரையும் இடம் மாற்றிப் போடவேண்டும்.

சார்ஜ் ஆகவில்லை என்று திரும்பி வந்த சில வண்டிகளில் குற்றம் டாஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் சிவப்பு பல்பில்தான் இருந்தது. அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு போனால் ஐடிலிங்கில் (இன்ஜின் மெதுவாக ஓடும்போது) சார்ஜ் வராது. வண்டியைக் கொண்டுவருமுன் சாவியைத் திருப்பி அது எரிகிறதா என்று பாருங்கள், அலைச்சல் மிச்சம்.

முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர் விடும் அண்ணன்மார்களுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். சீரியல் லைட்டோடு ஊர்வலத்தில் ஊர்ந்து போகும்போது டைனமோ சார்ஜே ஏற்றாது. ஆல்டர்னேட்டரின் அருமை அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. மற்றவர்களை நம்மிடம் அனுப்பியதும் அவர்கள்தான். என் அப்பா காலத்திலிருந்து அதே ஹெரால்டையும் பத்மினியையும் நம்மிடமே கொண்டுவரும் குடும்பங்களுக்கு என்ன சொல்வது? உங்களால்தான் கடை நிற்கிறது.

வயரிங் பார்த்துவந்த நம் தம்பி சொந்தக் கடை வைத்துப் போய்விட்டார். நன்றாக இருக்கட்டும். அவர் இடத்துக்கு ஆள் பழகும்வரை வண்டியை விட்ட அன்றே எடுக்க முடியாது, செம்பு விலையும் ஏறியிருக்கிறது, கூலியும் அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் மாறும். விவரம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வண்டி விடும்போது ஃபாக் லைட், ஏர் ஹாரன், ஆம்ப்ளிஃபையர் என்று பிறகு மாட்டியது எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதை வைத்துத்தான் எத்தனை ஆம்பியர் ஆல்டர்னேட்டர், எவ்வளவு கனமான வயர் என்று முடிவு செய்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை