சார்ஜென்ட்கள் ஓட்டிய விமானங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெர்மன் விமானி ரிக்தோஃபெனைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் ஆஸ்திரிய விமானிகளுக்கு ஒரே ஒரு வரிதான், அதிலும் கோட்வின் ப்ரூமோவ்ஸ்கியை ஜெர்மன் விமானி என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்காரர், 35 விமானங்களை வீழ்த்தி அந்தப் படையிலேயே முதலிடத்தில் இருந்தவர். பிறந்த வாடோவிச்செ இன்று போலந்தில் இருக்கிறது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இருந்ததுதான். நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து சார்ஜென்டாக, அதாவது அதிகாரிக்குக் கீழான பதவியில், ஓய்வு பெற்றவன், அதனால் இது கண்ணில் பட்டுவிட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இரண்டு பேர் போகும் விமானத்தில் பின்னால் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும் அதிகாரிதான் தலைவர்; ஓட்டுகிறவர் பெரும்பாலும் சார்ஜென்ட் மாதிரி பதவியில் இருப்பவர், கார் டிரைவருக்குச் சமமாகத்தான் அவரைப் பார்த்தார்கள். ஜூலியஸ் அரிகி அப்படிப்பட்ட ஒருவர். 1916 ஆகஸ்ட் 22 அன்று அல்பேனியாவில் இத்தாலிய ஃபார்மன் விமானங்கள் வந்தபோது, கூடப் போக அதிகாரி யாரும் இல்லை என்று அவருக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். அவரோ தன்னைப் போலவே அதிகாரி அல்லாத யோஹான் லாசியை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஒரே பறப்பில் ஐந்து விமானங்களை வீழ்த்திவிட்டுத் திரும்பினார்! போர் முடியும்போது அவர் கணக்கு 32. வீரத்துக்கான தங்கப் பதக்கம் நான்கு முறை கிடைத்தது, அதிகாரிப் பதவி மட்டும் கிடைக்கவில்லை.

யோசெஃப் கிஸ் கதை இன்னும் மனதைப் பிசைகிறது. தோட்டக்காரரின் மகன், 19 விமானங்களை வீழ்த்தியவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை என்பதால் உயிரோடு இருந்தவரை அவரை அதிகாரியாக்கவில்லை. 1918 மே 24 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்த பிறகுதான் லெப்டினன்ட் ஆக்கினார்கள்.

அவர்கள் பறந்த இடத்தையும் யோசித்துப் பாருங்கள். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர், இத்தாலியோடு அவர்கள் மோதிய போர்முனையில் இருந்த மர்மோலாடா மலை 3343 மீட்டர். இங்கே மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறினால் எதிரே வரும் பஸ்ஸே தெரிவதில்லை, அவர்கள் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே மூடியில்லாத இருக்கையில் உட்கார்ந்து முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு போனார்கள்.

விமானமும் சும்மா இல்லை. முதலில் கொடுத்த பிராண்டன்பர்க் டி 1-ல், சுழலும் புரொப்பல்லருக்கு நடுவே சுடும் பொறியமைப்பு இல்லாததால் துப்பாக்கியை மேல் இறக்கைக்கு மேலே ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அது சிக்கிக்கொண்டால் பறக்கும்போது கை எட்டாது. அப்புறம் வந்த ஆல்பட்ராஸ் டி 3 ஜெர்மனியின் வடிவம்தான், ஆனால் அங்கே அதன் கீழ் இறக்கை பிய்ந்துபோகும் குறை இருந்தது. வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நோய்ஷ்டாட்டில் இருந்த எஃபாக் தொழிற்சாலைக்காரர்கள் அந்த இறக்கையைப் பலப்படுத்தி, ஆஸ்ட்ரோ-டைம்லர் என்ஜின் பொருத்தி, ஜெர்மனியில் செய்ததைவிட உறுதியான விமானமாக்கிக் கொடுத்தார்கள். ப்ரூமோவ்ஸ்கி சிவப்பு வண்ணம் பூசி ஓட்டியது இதைத்தான். மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டறை ஆட்களுக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

அடுத்த இணைப்பில் அரிகிக்கும் கிஸ்ஸுக்கும் படத்தோடு இடம் ஒதுக்குங்கள். வெலிங்டன், குன்னூர் பக்கம் உங்கள் மாணவர் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகள் பலரின் அப்பாக்கள் ராணுவத்தில் நாயக், அவில்தார் என்று அதிகாரி அல்லாத பதவிகளில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை சார்ஜென்ட்,
கோத்தகிரி